பட்டுத் துண்டின் மேல் லேப்டாப்

ஓய்வு பெற்றவனிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னால் கடமை, நிதானம், நேரம் தவறாமை என்று எழுதுவான். நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதையெல்லாம் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான், பொறாமை. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மற்றவர்கள் என்மேல் பொறாமைப்பட்டார்கள். ஓய்வு பெறும் சமயத்தில் நான் ஒரு லேப்டாப்மேல் பொறாமைப்பட்டேன். இன்றைக்கும் அது முழுசாகத் தீர்ந்தபாடில்லை. ஆனால் ஒரு சித்திரை மாத மத்தியானம் அது ஒரு வேலைக்கு உதவியது. அந்த மத்தியானத்தைத்தான் எழுதப்போகிறேன்.

செஞ்சியில் நெல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஏலக் களத்தில் நான் சிஸ்டம் பார்த்தேன். விவசாயிகள் நெல்லைக் கொண்டுவந்து திறந்தவெளியில் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். முன்பெல்லாம் வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து தரம் சொல்வார். கை அவருடையது என்பதால் தரம் எப்போதும் ஒரு படி கீழேதான் வரும், சண்டையும் வரும். அந்தச் சண்டையை நிறுத்தத்தான் போட்டோ முறை வந்தது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு தட்டு நெல்லை எடுத்துப் படம் பிடிப்போம். பதர் எத்தனை, கருக்காய் எத்தனை, கல் எத்தனை என்று சாப்ட்வேர் எண்ணி ஒரு தர எண் கொடுக்கும். தர எண் வந்த குவியலுக்குத்தான் விலை சொல்வார்கள். விலை சொன்ன பிறகுதான் அந்த நெல்லை மூட்டை கட்டலாம். அதுவரை நெல் களத்திலேயே கிடக்கும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வல்லத்துக்காரன். எங்களுக்கு நிலம் கிடையாது. என் நைனா இதே களத்தில் மூட்டை தூக்கியவர். நான் இதே களத்தில் ஏசி அறையில் உட்கார்ந்தேன். களத்திலேயே ஒரே ஏசி அதுதான், அதுவும் எனக்காகப் போட்டதில்லை, அந்தப் படங்களை எண்ணுகிற பெரிய பெட்டி, சர்வர், அதற்காகப் போட்டது. சுற்றிலும் பாறை உள்ள ஊர். பொழுது சாய்ந்தாலும் மலை சூட்டை விடாது. வெயில் காலத்தில் வியாபாரிகளே ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு என் அறைக்குள் வந்து நிற்பார்கள். "சிஸ்டம் எப்டி போவுது சார்?" என்று சர்வரிடம் நலம் விசாரிப்பார்கள். அவர்கள் வயிற்றெரிச்சலோடு வெளியே போகும்போது எனக்குக் குளிர் இன்னும் கொஞ்சம் கூடும்.

அந்த சர்வரைப் பொருத்திக் கொடுக்க மெட்ராஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். தொழிலில் எனக்கு குரு என்றால் அவர்தான், பழகியது ஒரே பகல்தான். வேலை முடிந்ததும் அவர் திரைப் பக்கமே திரும்பவில்லை. சர்வரின் பின்பக்கம் போய் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். "முன்னாடி ஸ்கிரீன்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும். பின்னாடி அது விடற காத்த தொட்டுப் பாருங்க. அதுக்கு என்ன கஷ்டம்னு கைக்குத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சர்வருக்குப் பின்னால் போய்க் கையைக் காட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்கள் கற்பூரம் ஒற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தார்கள்.

ஓய்வு பெற சில வாரம் இருக்கும்போது கௌசல்யா வந்தாள். என் இடத்துக்கு எடுத்த பெண். சீயமங்கலம். கெட்டிக்காரி, அதைச் சொல்ல எனக்கு அப்போது மனசு வரவில்லை, இப்போது சொல்கிறேன். அவளோடு ஒரு லேப்டாப்பும் வந்தது. இனிமேல் போட்டோ வேலையை எல்லாம் அதிலேயே செய்யலாம், சர்வரும் வேண்டாம், ஏசியும் வேண்டாம் என்று யாரோ களத்தின் தலைவரிடம் சொல்லியிருந்தார்கள். "ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க. எது ஜெயிக்குதோ அது இருக்கட்டும்" என்றார் தலைவர். ஜல்லிக்கட்டுக்கு மாடு பார்ப்பவர் போல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் சர்வரில் இரண்டு பிராசசர், ஒவ்வொன்றிலும் எட்டு கோர். அது வந்த புதிதில் இதைச் சொன்னாலே கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். லேப்டாப்பில் இருந்தது ஒரே பிராசசர். அதற்குள் பெரிய கோர் கொஞ்சம், சின்ன கோர் கொஞ்சம் என்று ஒரு கூட்டுக் குடும்பம். ஆனால் அதன் பெரிய கோர் ஒன்று செய்யும் வேலைக்கு என்னுடையதில் மூன்று நான்கு கோர் வரிந்து கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். படத்தைப் பார்த்து எண்ணுவதற்கென்றே அதற்குத் தனி வித்தைகள் வேறு சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். என் சர்வர் பிறந்த காலத்தில் அந்த வித்தைகளே கிடையாது. அதன் பிராசசர்கள் குடிக்கிற கரண்டில் இந்த மாதிரி லேப்டாப் நாலைந்தை ஓட்டலாம்.

கௌசல்யா ஒரே கட்டுப் படங்களை இரண்டிலும் ஓடவிட்டாள். டீக்காரர் வந்து டம்ளர்களை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் லேப்டாப் முடித்துவிட்டது. என் டீயில் ஆடை கட்டிய பிறகும் சர்வர் எண்ணிக்கொண்டே இருந்தது. தலைவர் எழுந்து வந்து லேப்டாப்பின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். என் முதுகையும் தட்டினார். இரண்டும் ஒரே மாதிரித் தட்டு இல்லை.

எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை இருக்கலாம், எனக்கு வேண்டாம். கரண்ட் எகிறினாலும் இறங்கினாலும் நின்று வேலை பார்த்த பெட்டி அது. நினைவகத்தில் ஒரு பிட் பிசகினாலும் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். அந்த லேப்டாப் சீமாட்டிக்கு அது தெரியுமா? தெரியாது. மேலும் அந்தப் போட்டி நடந்தது என் அறையில், என் ஏசியில். என் சர்வருக்காக ஓடிய குளிரைக் குடித்துக்கொண்டே அது என் சர்வரைத் தோற்கடித்தது. இதை நான் சொன்னபோது தலைவர் சிரித்தார். தோற்றவன் சொல்கிற காரணம் அப்படித்தான் கேட்கும்.

வீட்டுக்குப் போனால் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாங்க, சக்களத்தி வந்தாப்பல மூஞ்ச வெச்சிக்கினு இருக்கிறீங்க?" என்றாள்.

"ஒரு லேப்டாப் வந்திருக்குது" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு சாதத்தை வைத்தாள்.

அதற்கப்புறம் நான் செய்தது இதுதான். அந்த லேப்டாப்பில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். மாமியார் மருமகளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். கௌசல்யா சாப்பிடப் போனால் அதைத் தூக்கிப் பார்ப்பேன், அடியில் தடவிப் பார்ப்பேன். அது எங்கே மூச்சு இழுக்கிறது, எங்கே விடுகிறது என்று கையைக் காட்டிப் பார்ப்பேன். இழுப்பது அடிப்பக்கத்தில், சன்னமான ஓட்டைகள் வழியாக. விடுவது திரை மடங்குகிற இடத்தில், இடது பக்கம் அதிகம். மேஜைமேல் இருந்தால் பறக்கும். மடியில் வைத்தால் புடவை அந்த ஓட்டைகளை அடைத்துவிடும், சூடேறும், சூடேறினால் உயிருக்குப் பயந்து தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைத்துக்கொள்கிறேன் என்று யாரிடமும் சொல்லாது. இது எனக்குக் கிடைத்த புதையல். ஒரு நாள் கௌசல்யாவிடம் ஜாடையாகச் சொன்னேன்.

"மடியில வெச்சா மக்கர் பண்ணுது பாரு உன் லேப்டாப்."

"மடியில யாரு சார் வெக்கப் போறாங்க? பொறாமை சார் உங்களுக்கு" என்றாள் சிரித்துக்கொண்டே.

"ஆமாம்மா" என்றேன். பொய் சொல்வானேன்?

பங்குனியில் எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். சித்திரையில் புதிய முறையைத் தொடங்கிவைக்க என்னையே விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். புண்ணில் உப்பைத் தடவுகிறார்கள் என்று தெரிந்தும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வராவிட்டால் வயிற்றெரிச்சல் என்பார்கள், வந்தாலும் அதுதான் என்பது வேறு விஷயம்.

ஏசியை நிறுத்தியிருந்தார்கள். நாலு பேர் பார்க்கட்டும் என்று லேப்டாப்பைத் தகரக் கூரை போட்ட கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். என் சர்வரை அதன் திரையோடு அப்படியே கழற்றி, பழைய இரும்புக்காரருக்காகச் சுவரோரம் ஒரு பெஞ்சின்மேல் போட்டிருந்தார்கள். வாசலில் விட்ட செருப்பைப் போல அது கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

நம் ஊரில் புதுப் பொருள் எது வந்தாலும் பூஜை போடாமல் தொடமாட்டோம். டிராக்டரோ கிரைண்டரோ எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. லேப்டாப்பின் மூடியில் சந்தனம், குங்குமம். தலைவர் தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து, நாலாக மடித்து, மெத்தை மாதிரி லேப்டாப்பின் அடியில் வைத்தார். ஒரு முழத்துக்கு நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரத்தைத் திரைக்குப் பின்னால், மடங்குகிற இடத்தில் சுற்றினார். எல்லாரும் கைதட்டினோம். தேங்காயை என்னை உடைக்கச் சொன்னார்கள். சரிபாதியாக உடைந்தது. அதிலும் எனக்கு வருத்தம்தான்.

வேலை தொடங்கியது. களத்தில் இரண்டு பெண்கள் போனில் படம் பிடித்து அனுப்ப அனுப்ப, லேப்டாப் மளமளவென்று தர எண்களைக் கொட்டியது. விலை சொன்னார்கள், மூட்டை கட்டினார்கள். தலைவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நவரை நெல் அறுப்பு மும்முரமாக இருந்த நேரம், களம் நிறைந்து கிடந்தது. தொண்டூர் அஞ்சலையின் குவியல் கடைசியில், வாய்க்கால் ஓரமாக இருந்தது. குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைத்தவள். அந்த நெல் போனால் அவளுக்கு அந்த வருஷமே போனமாதிரி.

பாதிக்கு மேல் போனபோது எண்கள் வருவது நின்று நின்று வந்தது. பிறகு ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் கூடத்தில் வெளிச்சம் குறைந்தது. வெளியே பார்த்தால் கோட்டை மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. சொல்லாமல் வரும், வந்தால் பிய்த்துக்கொண்டு கொட்டும். களத்தில் இருந்த தார்ப்பாய் பாதிக் குவியல்களுக்குக்கூடப் போதாது.

அஞ்சலை கூடத்து வாசலுக்கு ஓடிவந்தாள். வேலையில் இருந்த காலத்துப் பழக்கத்தில் என்னைத்தான் தேடினாள். "அண்ணா, மானம் கறுத்துக்கினு வருது. எங்க நெல்லுக்கு எப்ப நம்பரு வரும்? நனஞ்சிட்சின்னா நான் எங்கண்ணா போவேன்?"

"கையில அள்ளிப் பாத்து வெலைய சொல்லிடலாம்ப்பா, இன்னா இப்போ" என்றார் ஒரு வியாபாரி. வெளியே நின்ற விவசாயிகள் ஒரே குரலில் மாட்டோம் என்றார்கள். அந்தக் கையைத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரியுமே.

கௌசல்யா லேப்டாப்மேல் குனிந்தாள். சாப்ட்வேரில் தேடினாள், நெட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. "சார், ஒண்ணுமே புரியல. ரூம்ல ஓட்னப்ப பறந்துச்சே" என்றாள்.

தலைவர் எழுந்து என்னிடம் வந்தார். இவ்வளவு நேரம் சிரித்த வாய் இப்போது ஒட்டிக்கொண்டிருந்தது. "சிஸ்டம் சார்... பழைய சர்வரையே போட்டுடலாமா?"

தம்பி தங்கைகளே, இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. படுத்தால் இதே வார்த்தை, இதே தலைவர், இதே முகம். காதில் தேன் பாய்ந்தது என்பார்களே, எனக்கு அது உள்ளங்கால்வரை பாய்ந்தது. எழுந்து போய் பிளக்கைச் சொருகினால் போதும். கூடமே பார்த்திருக்க என் சர்வர் திரும்பி வரும்.

ஆனால் அதை முழுக்க அறிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெட்டி ஒருமுறை கண் விழிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியும். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சரிபார்த்துத்தான் எழும். எழுந்த பிறகும் மிச்சக் குவியல்களை அதன் நடையில் எண்ணினால் மழை வந்து போய், களத்தில் தவளை கத்த ஆரம்பித்திருக்கும். வாசலில் அஞ்சலை நிற்கிறாள்.

"வேணாங்க. அதால முடியாது" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கசப்பாக ஒரு வாக்கியம் நான் பேசியதில்லை.

சொன்ன அதே நேரத்தில் மூக்கில் ஒரு வாசம் அடித்தது. மல்லிகை. பூத்த மல்லிகை இல்லை, வெந்த மல்லிகை. எழுந்து போய்ப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் இருந்த சரத்தில் வலது பக்கப் பூ லேசாக வாடியிருந்தது. இடது பக்கத்துப் பூ பழுத்துச் சுருண்டிருந்தது. இழுக்கிற மூச்சைப் பட்டுத் துண்டு அடைத்திருந்தது, விடுகிற மூச்சை மல்லிகை அடைத்திருந்தது. மேலே தகரம் வேறு.

"கௌசல்யா, மடியில வெச்ச கதைதான் இது" என்றேன்.

அவளுக்கு அதற்குமேல் சொல்லவேண்டியிருக்கவில்லை. நான் சரத்தைப் பிய்த்தேன், அவள் துண்டை உருவினாள். சாமிக்கு வைத்ததை எடுக்கிறீர்களே என்று யாரோ முணுமுணுத்தார்கள். கொஞ்சம் வேகம் வந்தது, போதவில்லை. கூடத்துக் காற்றே அடுப்பு ஊதினமாதிரி இருந்தது, மின்விசிறி அதையே சுழற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சுவரோரம் பார்த்தேன். காலையிலிருந்து பார்க்காமல் தவிர்த்த பக்கம்.

ஒரு சர்வரை ஆன் செய்தால் முதலில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கண் விழிக்கும் முன்பே அதன் விசிறிகள் எல்லாம் முழு வேகத்தில் கத்தும். என்னுடையது ஏரோப்ளேன் ஏறுகிற மாதிரி கத்தும்.

"பெஞ்சோட தூக்கியாங்க அத" என்றேன். தலைவர் என் மனசு மாறிவிட்டது என்று நினைத்தார். பிளக்கைச் சொருகி, அதன் பின்பக்கத்துக்கு நேராக நெல் அளக்கும் படிகள் இரண்டைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்தேன். பட்டனை அழுத்தினேன். என் சர்வர் தன் மூச்சையெல்லாம் சேர்த்து அந்தச் சீமாட்டியின் அடிவயிற்றில் ஊதியது. மேஜையில் இருந்த குங்குமம் பறந்து தலைவர் சட்டையில் அப்பியது. உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். லேப்டாப் விடுகிற காற்றில் இருந்த கொதிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. எண்கள் மளமளவென்று விழ ஆரம்பித்தன.

அதற்குள் கௌசல்யா இன்னொன்று செய்தாள். வந்த வரிசைப்படி போகாமல், தாழ்வாரத்துக்கு அடியில் இருந்த குவியல்களைப் பின்னால் தள்ளி, வெட்டவெளியில் கிடந்தவற்றை முன்னால் கொண்டுவந்தாள். யாரையும் கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் களத்தைப் பார்த்தாள். அதற்கும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அஞ்சலையின் எண் கடைசியில்தான் வந்திருக்கும்.

அஞ்சலையின் விலையைச் சொன்னதும் களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் குவியலில் விழுந்து அள்ளினார்கள், வியாபாரிகள் உட்பட. கடைசிச் சாக்கைத் தைக்கும்போது முதல் துளிகள் விழுந்தன, ஒவ்வொன்றும் நாலணா அளவுக்கு. அந்தக் கடைசி மூட்டையை அவள் தாழ்வாரத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "அண்ணா, அந்தப் பழைய பொட்டிதான அண்ணா காப்பாத்துச்சி?" என்று கத்தினாள். தகரத்தின்மேல் மழைச் சத்தம்.

"இல்லம்மா, புதுசுதான் எண்ணிச்சி" என்று நானும் கத்தினேன்.

கூடத்தில் எல்லாரும் கௌசல்யாவைச் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் என் சர்வர் ஒரு வழியாக எழுந்து, இணைத்திருந்த பழைய திரையில் பயனர் பெயர் கேட்டது. யாரும் கவனிக்கவில்லை. வேலை முடிந்துவிட்டிருந்தது.

கௌசல்யா பிறகு என்னிடம் வந்து கேட்டாள், "எப்டி சார் வாசத்த வெச்சே சொன்னீங்க?"

"வாசம் பாதிதாம்மா. மீதி, அது எங்க தப்பு பண்ணும்னு தெனமும் காத்துக்கினு இருந்தேன்."

இதில் உங்களுக்கு ஏதாவது இருக்கிறது என்றால் இதுதான். புது மெஷின் வந்தால் அதை விரும்புகிறவர்கள் மட்டுமே சோதித்துப் பார்க்க விடாதீர்கள். அதைக் கண்டால் ஆகாத ஒருவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆசைப்பட்டவன் வேகத்தைத்தான் பார்ப்பான், வயிறு எரிகிறவன் அடியில் இருக்கிற ஓட்டைகளைக்கூட எண்ணி வைத்திருப்பான். ஆனால் கடைசி முடிவை அவனிடம் விட்டுவிடாதீர்கள். என்னிடம் அன்று விட்டார்கள், மயிரிழையில் தப்பித்தார்கள்.

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. பழைய இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, "நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க சார்" என்று சர்வரை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

வாசலில் இறக்கியதும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சக்களத்திய வூட்டுக்கே இட்டாந்துட்டீங்களா?"

டிவிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்துவிட்டு, நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். பட்டுத் துண்டு, மல்லிகை, இடது பக்கத்துக் காற்று, ஒன்றையும் விடவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது எந்தப் பக்கமா மூச்சு வுடுதுன்னு கூட பாத்து வெச்சிருக்கிறீங்க" என்றாள். "எனக்கு எந்த முட்டி வலிக்குதுன்னு சொல்லுங்க பாப்போம்?"

நான் யோசித்தேன். "வலது" என்றேன்.

அவள் வெங்காயத்தை அள்ளிக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். இடது காலைத்தான் இழுத்து இழுத்து வைத்தாள்.